சமையலறைவரை கேட்கும் ஹெட்போன்

நான் லிஃப்ட் மெக்கானிக். தரைத்தளத்தில் நின்றபடியே, மேலே மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கம்பெனியில் எனக்குப் பாம்புக்காது என்று பேர். பகல் பூராவும் மோட்டார் இரைச்சலைக் கேட்டவனுக்கு வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் பாட்டு வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹால் சோபாவில் சாய்ந்தால், சாப்பாடு வரும்வரை என்னை யாரும் அசைக்க முடியாது. என் மனைவிக்கு இதில் ஒரு குறையும் இல்லை. இருப்பதாக அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் பாட்டு நடுவில் சார்ஜ் தீர்ந்து ஹெட்போன் ஊமையாகிவிட்டது. எழுந்திருக்கச் சோம்பல்பட்டு அப்படியே கிடந்தேன். அப்போதுதான் சமையலறையிலிருந்து அவள் குரல் காதில் விழுந்தது. தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப், வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறதாம். அதைப் பொறுப்பேற்று நடத்த இவளைக் கூப்பிடுகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"போயிடலாம்னுதான் தோணுது," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டின புருஷன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நேரே போய்க் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஒட்டுக்கேட்டேன் என்று ஆகிவிடும். தவிர, அவளாகச் சொல்லட்டுமே என்ற வீம்பு வேறு. என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயமும் உள்ளே இருந்தது.

பாட்டே இல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது அசல் ஒட்டுக்கேட்பு. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, நடுவே தானாக ஏதாவது காதில் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பழைய ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்தாலோ பாட்டில் உயிரே இல்லை. பேஸ் என்கிற அந்தக் கனத்த அடிச்சத்தம் காணாமல் போய், பாடுகிறவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடினார். ஆகவே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எதை எடுத்தாலும் மண்டை அதிர அலறவிட்டுக் காட்டினார். சத்தம் குறைவாக வைத்தாலும் நன்றாகக் கேட்கிற ஹெட்போன் வேண்டும் என்றதும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். விவரம் தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்களாம். சத்தத்தைக் குறைத்தால் முதலில் நழுவிப்போவது பேஸ்தான், அதனால் அது சற்றுத் தூக்கலாக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும், காதை முழுக்க மூடுகிற ரகமாக இருந்தால் இன்னும் நல்லது என்று விளக்கி, ஒன்றை என் தலையில் மாட்டினார். பாட்டு அருமை. கடைத்தெரு மொத்தமும் காணாமல் போயிற்று.

"இதைப் போட்டிருந்தா வீட்டுல பேசுறது கேக்குமா?" என்றேன்.

"இடியே விழுந்தாலும் கேக்காது சார்."

"கேக்கணும்."

அவர் கையைப் பிசைந்தார். "கைக்குழந்தை இருக்கா சார்?"

"இல்ல. மனைவி."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், இரண்டு பக்கமும் மூடாமல் வலை மட்டும் போட்ட ரகம் ஒன்றை எடுத்துவந்தார். சத்தத்தை எவ்வளவு குறைத்தும் தாளம் தனியாக, குரல் தனியாகக் கேட்டது. பக்கத்துக் கடையில் நடந்த பேரமும் கேட்டது. பேசாமல் வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து சமையலறை என் கைக்குள் வந்துவிட்டது. குழாய் சொட்டுகிறது, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று தங்கையிடம் அலுத்துக்கொண்டாள். மறுநாள் வாஷரை மாற்றினேன். துணி மடிப்பதுகூடத் தன் தலையில்தான் விடிகிறது என்றாள். மடித்து அடுக்கினேன். அவள் அதிசயப்பட்டு ஒரு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. இருந்தாலும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கிளைக்குப் போகிற விஷயம் மட்டும் பேச்சில் வரவே இல்லை. மாதக் கடைசியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் வந்தது.

"நாளைக்குப் பதில் சொல்லணும்டி. இவர்கிட்டச் சொல்லாம இல்ல. சாப்பிடுறப்ப சொன்னேன், பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு 'ம்'. அந்த 'ம்'மை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சுருக்கென்றது. சொன்னாளா? பஸ் ஸ்டாப்பில் நின்றது ஞாபகம் இருந்தது. அவள் பேசியது ஞாபகம் இல்லை. மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, சோபாவில் என் பக்கத்தில் கிடந்த அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், கூப்பிடுவது அவள் தங்கை.

போன் இங்கே என் கையில் அடிக்கிறது. சமையலறைப் பேச்சு நிற்கவில்லை.

"நீங்களும் கூட வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த ஊர்லயும் லிஃப்ட் இருக்கும்."

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பைத் தணித்துவிட்டு, கையில் கரண்டியோடு, அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குக் கழட்டினீங்க? கழட்டினா உங்களுக்குக் காது கேக்காது. போய் மாட்டிக்கிட்டு உக்காருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல."

வெட்கமாகத்தான் இருந்தது. போய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டை மட்டும் போடவில்லை.