சனிக்கிழமை மட்டும் நிற்கும் கார்

சாம்பசிவ ஐயருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

பொன்முடித் தோட்டத்தில் மேனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரர், சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. துணிக்கூரை, இரண்டே சீட்டு. ஒன்றில் தலைமைச் செயலகத்தில் பெரிய பதவி பார்த்து ரிட்டயரான சாம்பசிவ ஐயர். மற்றதில் டிரைவர் ஞானையன், அதாவது என் அப்பா. சனிக்கிழமைதோறும் டாங்க் நிறையப் பெட்ரோல் அடித்துக்கொண்டு இருவரும் மலை ஏறுவார்கள். மேலே போய் அவர் என்ன செய்வார் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாராம். பிறகு இறங்கி வந்துவிடுவாராம். வெள்ளைக்காரன் விட்டுப்போன வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்?

நவராத்திரி கழிந்ததிலிருந்து வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. நெடுமங்காடு தாண்டியதும் ஒரு இருமல், ஒரு குலுக்கல், பிறகு சத்தமே இல்லை. ஐயர் இறங்குவார். பெட்ரோல் டாங்கைத் திறப்பார். மூங்கில் குச்சியை விட்டு எடுத்து மோந்து பார்ப்பார். பெட்ரோல் கழுத்துவரை இருக்கும். மூடியைத் திருகிவிட்டு, 'எடு' என்பார். வண்டி உடனே கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் இருமல்.

புதன்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அதே வண்டி குதிரை மாதிரி ஓடும். அவர்களும் சும்மா இருக்க முடியாதே. பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். சனிக்கிழமை வந்ததும் வண்டி நின்றது.

சாம்பசிவ ஐயர் யோசித்தார். ஒர்க்‌ஷாப்பில் ஓடுகிறது, ஞானையன் ஓட்டினால் நிற்கிறது. ஆகவே கோளாறு ஞானையனிடம். டாங்க் நிறைந்திருந்தும் நிற்கிறது. ஆகவே பெட்ரோலை விற்றுவிட்டு, அளவு குறையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுகிறான். அப்படியானால் திறந்து பார்த்தவுடன் எப்படிக் கிளம்புகிறது? அதற்கும் பதில் வைத்திருந்தார். அவர் சோதனை போடுவதைக் கண்டு திருடன் பயந்துவிடுகிறானாம். ஞானையன் பயந்தால் தண்ணீர் எப்படிப் பெட்ரோலாகும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த மூளையை நம்பித்தான் முப்பது வருஷம் ஃபைல் ஓடியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து திரும்பியதும், பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கும் அக்கிரகாரத்தில், தன் வீட்டு வாசலில், தெரு முழுக்கக் கேட்கும்படி அப்பாவைத் திருடன் என்றார். இனி வர வேண்டாம் என்றார். கோட்டையில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சாயங்காலம் அவரோடு சேர்ந்து நடப்பவர்கள். பெட்ரோல் திருடன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்தத் தெருக்களில் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். ஸ்டியரிங் தவிர வேறு எதையும் பிடித்தறியாத அப்பா, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிந்துவிட்டு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நாடு என் பிசிக்ஸை இப்படித்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

படுத்திருந்தவரை விடாமல் கேட்டேன். விடு மக்கா, விடு மக்கா என்றார். நான் விடவில்லை. எங்கே நிற்கும், ஏற்றத்திலா இறக்கத்திலா, வெயிலிலா மழையிலா? எல்லாவற்றிலும் நின்றிருக்கிறது. டாங்கைத் திறக்காமல் ஒரு தடவையாவது உடனே கிளம்பியிருக்கிறதா?

அப்பா திரும்பிப் படுத்தார். "இல்ல. சாமி தொறந்து மோந்து பாத்தாத்தான் கெளம்பும்."

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே உண்டாகும் வெற்றிடம் பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. டாங்க் நிறைந்திருந்தால், உள்ளே காற்று கொஞ்சம்தான் என்பதால், இன்னும் சீக்கிரம் பிடிக்கும். "அந்த மூடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்குமேப்பா?"

"எந்த ஓட்டை? மூடியில சந்தனம்லா இருக்கு."

கேட்டுக் கேட்டுத்தான் முழுக் கதையும் வந்தது. ஆயுதபூஜை அன்று ஐயரின் மனைவி லலிதாம்பாள் காருக்குப் பொட்டு வைத்திருக்கிறார். வண்டியின் பின்பக்கம் பளபளவென்று வட்டமாக இருந்த அந்த மூடியைவிடப் பொட்டுக்குத் தோதான நெற்றி வேறு எது? நடுவில் குழி மாதிரி ஒரு இடம்கூட இருந்தது. அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சந்தனம், மேலே குங்குமம். வண்டி நிற்க ஆரம்பித்ததும், கண் பட்டிருக்கும் என்று இன்னும் தடிமனாக அப்பினார். திங்கட்கிழமை அப்பா வண்டியைக் கழுவும்போது சந்தனமும் போய்விடும். புதன்கிழமை ஒர்க்‌ஷாப்பில் வண்டி வேறு எப்படி ஓடும்?

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பாவை இழுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். புது டிரைவர் இன்னும் அமையவில்லை. வண்டி, ஐயர் டின்னில் வரவழைத்து டாங்க் நிறைய ஊற்றிவைத்த பெட்ரோலோடும் புதுச் சந்தனத்தோடும் நின்றிருந்தது. ஐயர் வெளியே வந்தார். ஞானையனின் பெண் பி.எஸ்ஸியாக்கும், நமக்கு வண்டி படிப்பிக்க வந்திருக்கிறாள் என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நான் சொல்வது தப்பானால் அங்கேயே போலீசைக் கூப்பிடலாம், நானும் சேர்ந்து போகிறேன் என்றேன். அப்பா என் கையைப் பிடித்தார். உதறினேன். லலிதாம்பாள் மட்டும், பார்த்தால் என்ன குறைந்துபோகும் என்று சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா வண்டியைத் தெருவுக்கு இறக்கி, நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஐயர் புன்னகை செய்துகொண்டிருந்தார். அது பாதியில் இருக்கும்போது வண்டி இருமியது. குலுங்கியது. நின்றது.

ஐயர் குச்சியை எடுக்க ஓடினார்.

"குச்சிய வச்சிட்டுக் காதைக் கொண்டு வாங்க சார்" என்றேன்.

அப்பா மூடியைத் திருகித் திறந்தார். டாங்க் 'உஸ்ஸ்' என்று காற்றை இழுத்தது. மூச்சுமுட்டிக் கிடந்த மனுஷன் பெருமூச்சு விடுவதுபோல. அந்தச் சத்தத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருந்தாலும் சொன்னேன். பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் ஒழுங்காக வருமா என்று லலிதாம்பாளைப் பார்த்துக் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மூடியைத் தாங்கோ என்று வாங்கி, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, சந்தனத்தைக் கிளறினார். பிறகு மூடியை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் ஒரு ஊசிமுனை வெளிச்சம்.

"அப்போ உன் வேலைதானா இது?" என்றார் ஐயர்.

முந்தின வாரம் அப்பாவிடம் பேசிய அதே குரல். ஆள் மாறியதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. யாராவது ஒருவர் இருந்தால் போதும்.

"ஆமா, என் வேலைதான். ஞானையன் வேலையில்லேன்னு ஆச்சோல்லியோ?" என்றார் லலிதாம்பாள். "அதைச் சொல்லுங்கோ."

ஐயர் அது காதில் விழாத மாதிரி அப்பாவிடம், வண்டியை எடு, பொன்முடிக்கு நேரமாகிறது என்றார். அப்பா சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல இது. எனக்கே வியப்பாக இருந்தது.

தெரு குறுகல். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றிவந்த வண்டி பின்னால் நின்று ஹாரன் அடித்தது. ஐயர் காரைப் பார்த்தார், பாத்திர வண்டியைப் பார்த்தார். அவருடைய சொந்தக் கார். நகர்த்தத் தெரியாது.

"சாமி ஒரு வார்த்தை பறஞ்சா எடுக்கேன்" என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே.

"மிஸ்டேக். இட் வாஸ் எ மிஸ்டேக். போருமா?"

"போதாது சார்" என்றேன். "திருடன்னு தமிழ்லதானே சொன்னீங்க?"

ஹாரன் மறுபடியும் அடித்தது. ஜன்னல்களில் ஒருவரும் நகரவில்லை. லலிதாம்பாள் மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"ஞானையன் எடுக்கலை" என்றார் ஐயர். தெருவுக்குக் கேட்டது. "அவன் பெட்ரோல் எடுக்கலை."

லலிதாம்பாள் மூடியை டாங்கில் பொருத்தினார், ஐயர் ஏறிக்கொண்டார், அப்பா சாவியைத் திருகினார். பொன்முடிவரை வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை என்று சாயங்காலம் வந்து சொன்னார். பெரிய மனுஷரிடம் அப்படிப் பேசலாமா என்று என்னைத் திட்டவும் செய்தார். திட்டிக்கொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

சாம்பசிவ ஐயர் இப்போது சாயங்கால நடையில், மூடியின் காற்று ஓட்டை அடைபட்டதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இன்னும் வேலை வரவில்லை. மீன் இருக்கிறது, கழுவ வேண்டும்.