தையலுக்கு ஒன்றரை அங்குலம்

கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, ஒரு முனையைச் சக்கரத்தின் நட்டநடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மட்கார்டின் விளிம்பு வரை இழுத்தாள். பதினாறு அங்குலம். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை இழுத்தாள். பதினாறேதான்.

"புருஷன் உள்ள கிடக்கான், நீ இங்க வண்டிக்குச் சட்டை தைக்க அளவெடுக்கறியா?" கொட்டகை வாசலில் கணவனின் அக்கா நின்றிருந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தாலும் அதிகாரம் குறையவில்லை. "எந்திரிச்சு வாடி. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"வரேன்க்கா. இது முடிஞ்சாத்தான் உங்க தம்பி மேட்டுக்குப் போக முடியும்."

நிலைமை அதுதான். மூன்று நாள் மழையில் இடுகாட்டு மேட்டுப் பாதை குழம்பாகிக் கிடந்தது. அமரர் ஊர்தி ஓட்டுநர் அடிவாரம் வரை வந்து பார்த்துவிட்டு, கையை விரித்து, வந்த வழியே போய்விட்டார். மிச்சமிருந்தது கணவருடைய பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக் ஒன்றுதான். மலைத் தோட்டங்களில் பம்பு ரிப்பேர் பார்க்க அவர் அதில்தான் ஏறி இறங்குவார். ஆனால் அதன் டயர்கள் நான்கும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. மாற்ற வேண்டும் என்று போன வாரம்தான் டயர்க்காரரிடம் சொல்லி வைத்தார். எந்த அளவு என்று முடிவாவதற்குள், இன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

டயர்க்காரர் சேதி கேட்டதும் இரண்டு அளவிலும் நான்கு நான்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது ஓடுகிற முப்பத்தோரு அங்குலம் ஒன்று. கம்பெனி இந்த வண்டிக்கென்று வைத்த இருபத்தெட்டு ஒன்று. நாலு மணிக்குள் ஏதாவது ஒன்றை மாட்டியாக வேண்டும். அந்தச் சேற்றில் சிக்கிய ஊரார் வண்டிகளை எத்தனையோ தடவை கயிறு கட்டி இழுத்துவிட்ட மனுஷன், கடைசி நாளில் தானே அங்கே சிக்கி நிற்கக் கூடாது. அவளுக்கு வேறு கவலையே இல்லை.

"பெரிசையே போட்டுடுங்க தம்பி. அதுலதானே அவருக்கு ஆசை" என்றுதான் முதலில் சொன்னாள். டயர்க்காரர் தலையைச் சொறிந்தார். "எதுக்கும் நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஜாக்கியைத் தேடப் போனார்.

பெரிய டயரை அவள் பன்னிரண்டு வருஷமாகக் கேலி செய்து வந்திருக்கிறாள். ஏறுவதற்கு அவளுக்கு ஸ்டூல் வேண்டும். அதையும் அவரேதான் செய்து கொடுத்தார். தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "ஊருக்கே நான் அளவெடுக்கறேன், எங்க வீட்டு மனுஷனுக்கு மட்டும் அளவே தெரியாது" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். இன்னொரு வினோதமும் உண்டு. வண்டி வலது பக்கம் திரும்பினால் அவருக்கு இருமல் வரும். கீழே எங்கோ கர்ர் என்று ஒரு முனகல், மேலே இவர் இருமல். தேன் கொடுத்தாள், ஆவி பிடிக்க வைத்தாள், டாக்டரிடமும் இழுத்துப் போனாள். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாடாவைச் சுருட்டும்போது விரல்கள் மட்கார்டின் உட்புறத்தில் பட்டன. குனிந்து பார்த்தாள். பெயிண்ட் உரிந்து, தகடு பிறை வடிவத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"இங்க டயர் உரசியிருக்கே தம்பி?"

டயர்க்காரர் டிரக்கின் முன்பெட்டியைத் திறந்து, வண்டிக் காகிதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். அவள் துணி வெட்டப் பயன்படுத்தும் காக்கித் தாள். அவளுடைய கையெழுத்து. 'நடுவிலிருந்து விளிம்பு வரை – பதினேழரை.'

பதினாறும் தையலுக்கு ஒன்றரையும்.

"அய்யோ" என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் டயர் வாங்கப் போன அன்றைக்குத் தையல் கடையில் கூட்டம். அவர் வந்து அவசரமாக அளக்கச் சொன்னார். ஓடிப்போய் அளந்தாள். எதை அளந்தாலும் தையலுக்கு விட்டே எழுதிப் பழகிய கை, அதையும் அப்படியே எழுதிவிட்டது. இரும்பை எவன் பிரித்துத் தைக்கப் போகிறான்?

"மாட்டின அன்னிக்கே உரசிச்சு அண்ணி. திருப்பிக் குடுத்துடலாம்னேன். வேணாம்டா, அளந்தவ முகம் வாடிடும், நான்தான் பெரிசு கேட்டேன்னு சொல்லிடுன்னாரு."

"ஏன், நீங்களாவது என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சத்தியம் வாங்கிட்டாரே." டயர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுல இன்னொண்ணு அண்ணி. டயர் பெரிசானா மீட்டர் கம்மியாக் காட்டும். வண்டி அதைவிட அதிகமா ஓடியிருக்கும். அண்ணனுக்கு வயசு அறுபத்தி ரெண்டுதான்னு எல்லாரும் வருத்தப்படறாங்க. எனக்கென்னமோ அவரு அதைவிட அதிகமாத்தான் ஓடியிருக்காருன்னு தோணுது."

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வருத்தத்தைவிட நன்றிதான் அதில் கூடுதலாக இருந்தது. பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு வலது வளைவிலும், அவள் தவறு அவள் காதில் விழாமல் இருக்க ஒரு மனுஷன் இருமியிருக்கிறார். தேனையும் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார்.

முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பின்னாடி பெட்டியோட எட்டுப் பேர் ஏறுவாங்க. ஸ்பிரிங் இன்னும் இறங்கும். பெரிசு போட்டா வளைவுல கவ்விக்கிட்டு நிக்கும், இல்லையா தம்பி?"

"ஆமாம் அண்ணி."

"சின்னதே போடுங்க. பழைய ரிம் நாலும் அந்த மூலையில இருக்கு."

"நல்லா அளந்தீங்கதானே?"

"இந்தத் தடவை தையலுக்கு விடலை" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற அக்கா, துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு வண்டி புறப்பட்டது. பின்னால் அவரும் எட்டுப் பேரும். முன்னால் டயர்க்காரருக்குப் பக்கத்தில் அவளும் அக்காவும். ஸ்டூல் இல்லாமலே கால் எட்டியது. மேட்டுப் பாதையில் புது டயர்கள் சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறின. ஒருமுறை பின்பக்கம் வழுக்கியது; பின்னால் யாரோ கத்தினார்கள்; நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, வண்டி நிமிர்ந்து மேலே போனது.

உச்சிக்குச் சற்று முன்னால் பெரிய வலது வளைவு. டயர்க்காரர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். எதுவும் உரசவில்லை. இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அவள் நேராகப் பாதையைப் பார்த்தபடி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, லேசாக ஒரு தடவை இருமினாள்.