முந்நூறு மீட்டருக்குள் வீடுகள் இல்லை

“மறுஅளவை வேணும் சார்.”

இந்தக் கனிம அனுமதி அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே, எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். மறுஅளவை கேட்டால் கோப்பு ஆறு மாதம் நகராது. நகராத கோப்புக்கு மேலே இருந்து போன் வரும்.

கண்காணிப்பாளர் டம்ளரைக் கீழே வைத்தார். “என்னம்மா தப்பு கண்டுபிடிச்சிட்ட?”

“குவாரியைச் சுத்தி முந்நூறு மீட்டருக்குள்ள வீடே இல்லைன்னு எழுதியிருக்கு. நாற்பத்தொரு வீடு இருக்கு சார்.”

“வரைபடத்துல வட்டம் போட்டிருக்கே, பார்க்கலையா?”

“பார்த்தேன். பள்ளத்தோட நடுவுல ஊசியைக் குத்திப் போட்ட வட்டம். எல்லைக்கல்லுல இருந்துல்ல அளக்கணும்? பள்ளமே ஐந்நூறு மீட்டர் அகலம். உங்க வட்டம் பள்ளத்தைத் தாண்டி ஐம்பது மீட்டர்தான் வருது. பள்ளத்துக்குள்ள எவன் சார் வீடு கட்டுவான்?”

எதிர் மேசையில் வரைவாளர் சிரித்துவிட்டார். அவரைக் காம்பஸ் என்றுதான் கூப்பிடுவோம். “எனக்குக் கத்துக்குடுத்தவரும் நடுவுலதான் குத்துனாரு, தங்கச்சி.”

“அவர் வீடு எங்க இருந்துச்சுண்ணே?”

காம்பஸ் குனிந்துகொண்டார்.

கோப்பு கேட்பது இன்னும் முப்பது மீட்டர் ஆழம், நாளுக்கு இரண்டு வெடி. எல்லைக்கல்லில் இருந்து எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் தொண்ணூறு மீட்டர். அந்தக் குவாரியின் கல் உடைக்கும் இயந்திரத்தில்தான் அப்பாவுக்கு வேலை.

கண்காணிப்பாளர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நாற்பத்தொண்ணுல ஒண்ணு உன் வீடு. எங்களுக்குத் தெரியாதா? சொந்த வீட்டுக்காக எழுதினாள்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க. இதை வேற ஆள் பார்க்கட்டும்.”

“ஊர்க்காரங்க ஆட்சேபிச்சா?”

“இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. ஒரு தாள்கூட வரலை.” எப்படி வரும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அங்கே கூலி வாங்குகிறார். “நீயும் குடுக்க முடியாது. இங்க வேலை பார்க்கிறவங்க ஆட்சேபிக்கக் கூடாது. விதி.”

அப்போதுதான் அப்பா போனில் கூப்பிட்டார்.

“பாப்பா, மேனேஜர் என்னை உட்கார வச்சு டீ குடுத்தாரு.”

இருபத்தாறு வருடத்தில் அவரை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை.

“என்ன கேட்டாரு?”

“ஒண்ணும் கேக்கலை. பொண்ணை நல்லாப் படிக்க வச்சிருக்கேன்னு சொன்னாரு.” நெடுநேரம் இருமினார். “எதுவும் எழுதிடாதம்மா. உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். சுவத்துல விரிசல்தானே, பூசிக்கலாம்.”

“போன வாரம் பூசினதே விட்டுப்போச்சேப்பா.”

“மறுபடி பூசிக்கலாம்.”

எனக்கு ஆத்திரம் வந்தால் முதலில் அப்பா மேல்தான் பாயும். அவர்தானே திருப்பித் திட்டமாட்டார். அன்றைக்கு “வைக்கிறேன்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மணி நாலு இருபது. ஒரு தாளில் ஒரு வரி ராஜினாமா எழுதி நீட்டினேன். நான் தற்காலிக ஊழியர். எங்களைப் போன்றவர்களை ஒரு வரியில் அனுப்பலாம், நாங்களும் ஒரு வரியில் போகலாம்.

கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார். “உன் குடும்பத்துலயே முதல் டிகிரி நீதான். கிடைச்ச வேலையைத் தூக்கி எறியுறியே, பைத்தியமா உனக்கு?”

“வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போடுங்க சார்.”

“வீட்டுல கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க.”

தொல்லை ஒழிந்தது என்ற வேகத்தில் கையெழுத்திட்டார். இன்னொரு தாளை எடுத்தேன். என் பெயர், தெரு, கதவு எண். தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். ஆட்சேபனையை நான்கு பக்கம் எழுதினேன்.

“தங்கச்சி, உங்க அப்பா...” என்றார் காம்பஸ்.

“நாளைக்கே அவரை நிறுத்திடுவாங்க. தெரியும்ணே.”

தபால் வாங்கும் மேசை கீழ்த்தளத்தில் இருக்கிறது. மூட எட்டு நிமிடம் இருந்தது. பையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்.