பொங்கப்பாறைக்குத் தெற்கே

மூன்றாவது வளைவில் பாதை காணாமல் போயிருந்தது.

ராத்திரி பெய்த மழை செம்மண்ணை அப்படியே உருட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு வழுக்குப் பாறை. அதன்மேல் பச்சைப் பாசி. குறுக்கே சாய்ந்து கிடந்த மூங்கில் புதர்.

"செருப்பைக் கயட்டிக் கையில எடுத்துக்குங்க!" என்று முன்னால் போன முனிரத்தினம் கத்தினார். "கல்லைப் பாத்துக் கால் வை. வேரைப் புடி. புல்லைப் புடிச்சா புல்லோட நீயும் போவே."

தாட்சாயணி வேரைப் பிடித்தாள். தலையில் பால் குடம். கண் மட்டும் மேலே, உச்சியில்.

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. மலைக்கு வடக்கே சின்னவேப்பூர், தெற்கே ஆலங்குப்பம். இரண்டு ஊரும் அன்றைக்கு விரதம் இருந்து ஆளுக்கொரு பக்கமாக ஏறி, உச்சியில் பொங்கப்பாறையில் சந்திக்கும். அரிசியும் பாலும் வடக்கத்தியார் கொண்டுவர வேண்டும். வெல்லம் தெற்கத்தியார் கொண்டுவர வேண்டும். ஒரே பானை. பொங்கல் இறக்கித் திருப்பதி இருக்கும் திசையைப் பார்த்துப் படைப்பார்கள். பெண் கேட்பதும் கொடுப்பதும் அந்தப் பாறையில், இரண்டு வீட்டாரும் ஒரே இலையில் சாப்பிட்ட பிறகுதான்.

போன வருஷம் ஆலங்குப்பத்துக் கோவர்த்தனன் தாட்சாயணியைக் கேட்டான். சொந்த ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவன். "ஆந்திரா-மெட்ராஸ் எல்லைத் தகராறு முடியட்டும், பேசலாம்" என்றார் அவள் அப்பா முனிரத்தினம்.

முடிந்தது. இந்தச் சித்திரைக்கு முன்னால் ஆலங்குப்பம் மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. சின்னவேப்பூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கோவர்த்தனனுக்கு மகளைக் கொடுக்கும் பேச்சை முனிரத்தினம் அதோடு மூடினார். வருகிற வெள்ளிக்கிழமை பலமனேரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள்.

கோவர்த்தனன் கேட்பதற்கு இருந்தது இன்று ஒரு நாள்தான்.

உச்சி வந்தது. பொங்கப்பாறை காலியாக இருந்தது.

"எங்கே காணோம்?" என்றாள் அத்தை செங்கம்மா, மூச்சு வாங்க. "எப்பவும் நமக்கு முன்னாடி வந்து ஒக்காந்துக்கினு கேலி பண்ணுவாங்களே."

"அவங்க இப்ப மெட்ராஸ்காரங்க அத்தே. சினிமா பாக்கப் போயிருப்பாங்க" என்றான் சிட்டிபாபு, பெரியப்பா மகன். தோள் பையைத் தட்டினான். "நான் வெல்லம் கொண்ணாந்துட்டேன். புத்தூர் சந்தை வெல்லம். அசல் ஆந்திரா. தெலுங்குல இனிக்கும்."

சிரிப்பு எழுந்தது. தாட்சாயணி சிரிக்கவில்லை.

அந்த வெல்லம் பானையில் விழுந்தால் தெற்கத்தியார் வரவேண்டிய தேவையே இல்லை. இந்த வருஷம் மட்டுமில்லை, என்றைக்குமே.

அடுப்பு மூட்டிப் பானையில் அரிசி விழுந்த பிறகு, "கொஞ்சம் பாக்கலாம் நைனா" என்றாள் அப்பாவிடம்.

"அரிசி வெந்துக்கினு இருக்குது. வேவற வரைக்கும் பாக்கறேன். அப்பறம் போட்டுடுவேன்."

அவள் பாறையின் தெற்கு விளிம்புக்குப் போனாள்.

மேகம் விலகியிருந்தது. கீழே ஏரிகள் நிரம்பித் தளும்பின. நாற்று நட்ட வயல்கள், நடுவே கரும்புத் தோட்டங்கள். தூரத்தில் திருத்தணி மலை. அரக்கோணம் பக்கம் ரயில் புகை படுத்துக் கிடந்தது. முதுகுக்குப் பின்னால், வடமேற்கே, திருமலை நீலமாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. ஆலங்குப்பத்து ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே ஆலைக் கொட்டகை எது என்று தேடினாள். புகை வருகிறதா? வந்தால் அவன் அங்கேயே இருக்கிறான்.

புகை இல்லை.

அப்போதுதான் பார்த்தாள். தெற்குப் பாதையில் பாதி மலை அளவுக்கு ஒரு சிவப்புக் கீறல். மண் சரிந்து பள்ளமாகி, அதில் தண்ணீர் ஓடியது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சில புள்ளிகள். ஒரு புள்ளி துண்டை வீசிக்கொண்டிருந்தது.

"வந்திருக்காங்க! தாண்ட முடியாம நிக்கிறாங்க! வெல்லம் போடாதீங்க!"

கத்தியபடியே இறங்கிவிட்டாள்.

"ஏய், நில்லுடீ!" அப்பாவின் குரல் பின்னால் வந்தது. அவள் நிற்கவில்லை. சரளைக் கல் உருண்டது. முள் இழுத்தது. முழங்கால் தேய்ந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எதிரே கோவர்த்தனன். இடுப்பு வரை சேறு. தலையில் துண்டில் கட்டிய வெல்லம்.

நடுவில், எந்த ஆளும் தாண்ட முடியாத அகலம். கை நீட்டினால் எட்டாது. முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. கறுத்திருந்தான். மீசை வைத்திருந்தான். ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த முகத்தில் மீசை இல்லை. அது அவளுக்கு ஏனோ அழுகையைக் கொண்டுவந்தது.

அவன் மூட்டையை இறக்கிச் சுழற்றி எறிந்தான். அது அவள் காலடியில் புதரில் வந்து விழுந்தது.

பின்னாலேயே முனிரத்தினம் வந்து சேர்ந்தார்.

"மாமா!" என்றான் கோவர்த்தனன். "எல்லை முடியட்டும்னு சொன்னீங்க. முடிஞ்சிபோச்சி!"

"ஒங்களுக்கு முடிஞ்சிது. எங்களுக்கு இன்னா முடிஞ்சிது? மெட்ராசோட சேக்கணும்னு சித்தூருக்கும் மெட்ராசுக்கும் நடையா நடந்தது நான். பக்கம் மாறுனது நீங்க."

"ரயில் மறியல்ல தண்டவாளத்துல ஒங்க பக்கத்துலதானே நானும் படுத்தேன்? அந்தக் கோடு நானா போட்டேன்?"

முனிரத்தினம் ஓடுகிற தண்ணீரைக் கையால் காட்டினார்.

"பள்ளத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு கூவறதுக்கு இது இன்னா தண்டோராவா? பாறைக்கு வந்து, ஒரே எலைல துன்னுட்டுக் கேக்கணும். அதான் மொறை."

"வழி போச்சே மாமா!"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் திரும்பினார். இனிமேல் வெள்ளிக்கிழமைத் தாம்பூலம்தான்.

தாட்சாயணி வாய் திறந்தாள். கல்யாணம் பேசி முடிக்காத ஆணோடு நேரே பேசக் கூடாது. அதனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே, மலையே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"நைனா! நம்ம வழி நல்லாத்தான் இருக்குது! இறங்கி நகரி ரோட்டைப் புடிச்சி, மலையைச் சுத்திக்கினு நம்ம பக்கமா ஏறச் சொல்லு!"

"காது கிட்ட கூவாதடீ. நீயே சொல்லிட்டே, நான் வேற எதுக்கு?"

எதிர்ப்பக்கம் கோவர்த்தனன் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தான். ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டத்துக்குள் அந்த வெள்ளைப் புள்ளி நுழையும் வரை அவள் மரத்தை விடவில்லை.

பானையில் ஆலங்குப்பத்து வெல்லமே விழுந்தது.

"என் வெல்லத்தை இன்னா பண்றது?" என்றான் சிட்டிபாபு.

"நீயே துன்னு" என்றாள் செங்கம்மா. "வாய் கொஞ்ச நேரம் மூடிக்கினு இருக்கும்."

படைத்தார்கள், சாப்பிட்டார்கள். தாட்சாயணி ஒரு வாயும் எடுக்கவில்லை. தன் பங்கை வாழை இலையில் கட்டி வைத்துக்கொண்டு, இந்தமுறை வடக்கு விளிம்பில் உட்கார்ந்தாள். சின்னவேப்பூருக்குத் திரும்பும் மண் ரோடு வரை தெரிந்தது. மாட்டு வண்டி தெரிந்தது. ஆடு தெரிந்தது. அவன் தெரியவில்லை. மேகம் மறுபடி கூடியது.

"கெளம்புங்க" என்றார் முனிரத்தினம். "நனைஞ்சா அந்த வழுக்குப் பாறைல ஒருத்தர் கூட உருப்படியா இறங்க மாட்டோம்."

அவள் கடைசியாக இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். அடுத்த வளைவில் ஏறி வருவான், அதற்கடுத்த வளைவில் வருவான் என்று பார்த்தாள். ஏறி வந்தது ஈரக் காற்றுதான். கையிலிருந்த இலையில் சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அடிவாரம் வந்துவிட்டது. வெளிச்சம் மஞ்சளாகி மங்கியது.

"வந்தாலும் இனிமே பாறைக்கு ஏற முடியாது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

முனிரத்தினம் மற்றவர்களைப் பார்த்தார். "நீங்கல்லாம் வூட்டுக்குப் போங்க."

"நீ?" என்றாள் செங்கம்மா.

அவர் ரோட்டோரக் கல்லில் ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மகளின் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"எலை பெருசாத்தானே இருக்குது? ரெண்டு மூணு பேரு துன்னலாம் இல்ல?"

"துன்னலாம் நைனா."

"அப்ப ஒக்காரு. நானும் இன்னும் ஒழுங்கா சாப்புடல."

அவள் உட்காரவில்லை. ரோட்டின் தெற்குக் கோடியில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. கிட்டே வந்தபோது அது வேறு யாரோ. அவர் போனதும் ரோடு மறுபடி நீளமாகக் கிடந்தது. தாட்சாயணி நின்றுகொண்டே அடுத்ததைப் பார்க்கத் தொடங்கினாள்.