மதியம் மட்டும் குறையாத டீசல்

டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனதிலிருந்து சுகிர்தாவின் காலண்டர் அச்சகம் ஜெனரேட்டரில்தான் ஓடியது. சீசன் நேரம், மெஷினை நிறுத்த முடியாது. கணவர் ராஜபாண்டியன் ஆர்டர் பிடிக்க வெளியூர் போயிருந்தார். சிவகாசியில் எல்லாம் அவள் பொறுப்பு.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் இருளாண்டி. பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். காலையில் வந்ததும், இரும்பு ஸ்டாண்டில் படுக்கவைத்திருந்த டீசல் டிரம்மை முழுக்க நிரப்புவார். மாலையில் வேலை முடியும்போது அது ஏறக்குறைய காலியாகியிருக்கும்.

சுகிர்தா அச்சகத்துக்கு வர பதினொரு மணி ஆகும். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஒருநாள் சும்மா ஒரு குச்சியை டிரம்முக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு தினமும் பார்த்தாள். அவள் வருவதற்குள் மட்டம் மளமளவென்று இறங்கியிருந்தது. அவள் இருக்கும்வரை மெதுவாக இறங்கியது. அவள் போனபிறகு மறுபடியும் வேகம். மெஷின்களோ நாள் முழுக்க ஒரே மாதிரிதான் ஓடின.

"நான் நிக்கும்போது குறைய மாட்டேங்குது. நான் இல்லாதப்பதான் குறையுது" என்று கணவரிடம் போனில் சொன்னாள்.

"அப்ப ஆள்மேலதான் சந்தேகப்படணும். கவனமா இரு" என்றார் அவர்.

அதற்குப்பிறகு இருளாண்டி எது செய்தாலும் அவளுக்குத் தப்பாகவே பட்டது. அவர் கை துடைத்த துணி, டிரம் பக்கம் நின்று பேசிய போன், சாயங்காலம் மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு போகும் கேன். ஒரு மாலை வீட்டுக்குப் போகாமல் காத்திருந்து, கேட்டருகே அவரை நிறுத்தினாள்.

"இருளாண்டிண்ணே, அந்தக் கேனைத் திறங்க."

பைண்டிங் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மூடியைத் திருகினார். உள்ளே தண்ணீர்.

"எங்க தெருவுல வர்ற தண்ணி உப்பா இருக்கும்மா. இங்கன குடிக்கிற தண்ணியைப் பிடிச்சுட்டுப் போறேன். ராஜபாண்டியன் ஐயாகிட்ட கேட்டுத்தான் பிடிக்கேன்."

அவள் அவரைப் போகவிட்டாள். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. டிரம் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். காலையில் அவர் நிரப்பும் நேரத்துக்கு மட்டும் வந்து திறந்து, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மட்டம் பழையபடியே இறங்கியது. கள்ளச்சாவி இருக்குமோ? வாட்ச்மேன் கண்ணுச்சாமியும் கூட்டோ?

கடைசியில் பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடிந்ததும் வந்து டிரம்முக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இருளாண்டி நிரப்பி முடித்தபிறகு யாரையும் அருகில் விடவில்லை. மணிக்கு ஒருமுறை குச்சியை விட்டுப் பார்த்தாள். காலையில் வேகமாகவே இறங்கியது. அவள் கண்ணெதிரிலேயே. மதியம் மெதுவாக. யாரும் தொடவில்லை.

அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். பாதி குடித்த தண்ணீர் பாட்டில் பெஞ்சில் சாய்ந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் அகலமாகப் பரவியிருந்ததைப் பார்த்தாள். அதை எடுத்து நிரப்பிப் படுக்கவைத்தாள். மேலே தண்ணீர் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு மூடித் தண்ணீராக வெளியே ஊற்றி, மறுபடி படுக்கவைத்துப் பார்த்தாள். முதலில் மட்டம் சட்டென்று இறங்கியது. நடுவில் பாட்டில் அகலம், அதே ஒரு மூடிக்குக் கொஞ்சமே அசைந்தது. அடிக்கு வந்ததும் மறுபடி சரசரவென்று இறங்கியது.

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் படித்த மாறுவீதம் நினைவுக்கு வந்தது. டீசல் செலவாகும் வேகம் மாறவேயில்லை. மட்டம் இறங்கும் வேகம்தான் இடத்துக்கு இடம் மாறியது. அவள் வந்துபோன நேரம் அந்த நடுப்பகுதியோடு பொருந்திவிட்டது, அவ்வளவுதான்.

மாலையில் இருளாண்டியையும் கண்ணுச்சாமியையும் கூப்பிட்டு பாட்டிலை வைத்துக் காட்டினாள். "தப்பு என்மேலதான்ணே. டிரம்மு உருண்டையாப் படுத்துக் கிடக்கதால வந்த வினை" என்றாள்.

இருளாண்டி பாட்டிலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணுச்சாமி பக்கம் திரும்பினார். "ஏலே, நானும் உன்னையத்தாம்லே நெனச்சேன். காலையில நான் டீ குடிக்கப் போற நேரத்துல நீ எடுக்கிறியோன்னு. அதான் உன்கிட்டப் பேசாம இருந்தேன்."

"எனக்குத் தெரியாதாக்கும்? வா, டீயை நீ வாங்கிக் குடு" என்றார் கண்ணுச்சாமி.

இருவரும் கேட்டைத் தாண்டப் போனார்கள். சுகிர்தா பின்னாலேயே போய், "என்மேல கோவம் இல்லையேண்ணே?" என்று கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. நீங்க தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அம்புட்டுப் பேரு முன்னால திறக்கச் சொன்னீக, இன்னைக்கு எங்க ரெண்டு பேரு முன்னாலதான் நான் எடுக்கலைன்னு சொல்லுதீக." குரலை உயர்த்தாமலே சொன்னார்.

மறுநாள் காலை பைண்டிங் பெண்களை எல்லாம் கூப்பிட்டு அவர்கள் முன்னாலும் அதையே சொன்னாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுசாகச் சொன்னாள். இருளாண்டி ஜெனரேட்டர் பக்கம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் முடிந்ததும் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். அவள் இருக்கச் சொல்லிக் கேட்டும் இருக்கவில்லை.