அத்தானும் இரண்டாம் வகுப்பு நாற்காலியும்

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. என்னிடம் சொன்னது அக்கா. "எழுதித் தொலைச்சிடாதே" என்றது அவர்.

2.
"செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பள்ளி நூலகத்தில் ஒரு மௌனம் வந்து..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

அத்தான் காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிடுபவர். நசுங்கிய லாரியைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்குவதுதான் வேலை. அப்பேர்ப்பட்டவர், வாரம் ஒரு மணி நேரம் ஒரு பள்ளிக் குழந்தைக்குத் துணையாக இருக்கத் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தார். பாடம் நடத்தக் கூடாது. கூட உட்கார்ந்து பேசணும், விளையாடணும், அவ்வளவுதான். கிடைத்தவள் இரண்டாம் வகுப்பு. ஏழு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. பம்பர், ரேடியேட்டர் என்று அவரே பேசித் தீர்த்தார்.

(இங்கே அவளுக்கு ஒரு சோகக் காரணம் வைக்கலாம். அம்மா வெளியூரில்... ம்ஹூம், மனசு வரவில்லை. பேசப் பிடிக்கவில்லை, விடுங்கள்.)

3.
எட்டாவது வாரம் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்: "அவ வேணும்னு சொன்னாதான் சார் அடுத்த பருவமும் நீங்க. இல்லேன்னா வேற ஆள். இன்னிக்கு மணி முடியறப்ப வந்து கேக்கிறேன்."

அத்தான் நிமிஷத்துக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் குழந்தையை அவருக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

தலைமையாசிரியை வந்தார். அத்தான் மரியாதையாக எழுந்தார். கூடவே நாற்காலியும் எழுந்தது. கைப்பிடி வைத்த குட்டி பிளாஸ்டிக் நாற்காலி. அத்தானோ அகலமான மனிதர்.

(அத்தான், மன்னிச்சிடுங்க.)

குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க மாமா. உக்காந்துட்டா தெரியாது."

உட்கார்ந்தார். (தலைமையாசிரியை அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதைக்குத் தேவைப்படுகிறது, நம்புங்கள்.)

"அடுத்த பருவமும் இந்த மாமாவே வரட்டுமாம்மா?"

4.
முடிவு அ: "வரட்டும்" என்கிறாள். அத்தான் கண் கலங்குகிறார். திகட்டுகிறது.

முடிவு ஆ: "வேணாம்." எழுதினால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

நடந்தது இது. "நீங்க வெளில போங்க டீச்சர், அப்புறம் சொல்றேன்" என்றாள். டீச்சர் போனதும் அத்தானை எழச்சொல்லி, நாற்காலிக் காலைப் பிடித்து இழுத்தாள். அத்தான் மேசையைப் பிடித்துக்கொண்டார். இழுத்துக்கொண்டே அவள் சொன்னாளாம்: "அடுத்த தடவ வீட்லேர்ந்து பெரிய நாற்காலி கொண்டு வாங்க மாமா."

"அது சம்மதம்தானே?" என்று அத்தான் வீட்டில் எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டார். இனி உங்கள் முறை. அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.