சக்கரத்தின் மேல் வைத்த கை

மதிவதனி என் கொழுந்தனின் மனைவி. காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் தைக்கிற ஜாக்கெட்டுகளுக்கு மூன்று வருடமாக ஹெம்மிங் செய்வதும் ஹூக் வைப்பதும் அவள்தான். என் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

நாலைந்து மாதம் முன்பு ஒருநாள் பழைய செய்தித்தாளில் ஜாக்கெட்டின் முதுகை வெட்டி எடுத்துவந்தாள்.

"இன்னாக்கா, சரியா கீதா?"

பானைக் கழுத்து. இருபது வருடமாக வெட்டுகிற எனக்கு அந்த வளைவு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. "பரவால்ல" என்றேன்.

மிஷின் வாங்குவதற்காகக் கம்மலை விற்றிருந்தாள். அவள் புருஷன் வெற்றிச்செல்வன் முடிவாகச் சொல்லியிருந்தான்: "நீ வாங்கியாந்து மூலைல போட்டேன்னு வெய்யி, அப்பறம் தையலு கியலுன்னு வாயத் தொறக்கக்கூடாது. அண்ணிகிட்ட ஹூக்கு வெச்சிகினே கெட."

"ஒண்ணும் தெரியாதவளுக்கு எந்த மிஷினு தோதுப்படும்க்கா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

கால் மிஷின்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கறுப்புத் தலை, இரும்பு ஸ்டாண்டு, நேர்த்தையல் மட்டும். கால் போகிற வேகத்துக்குத்தான் ஊசி போகும், பயப்பட வேண்டாம். கெட்டால் எந்தத் தெருவிலும் பார்த்துக்கொடுக்க ஆள் உண்டு. கம்மல் பணத்துக்குள் அடங்கும். இதையெல்லாம் சொல்லாமல், "என்னுதுல ஒரு வாரம் மிதிச்சிப் பாரு, அப்பறம் சொல்றேன்" என்றேன்.

கால் மிஷினில் முதல் நாள் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று. வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது போகிற போக்குக்குக் காலை வைக்க வேண்டும். வெறும் காலால் தொடங்கினால் சக்கரம் பின்பக்கமாகப் போய்விடும். நூல் சிக்கி அறும்.

நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று முதல் நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை. அவள் மிதித்தாள், நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள், மிதித்தாள், அறுந்தது. நான் உட்கார்ந்தால் ஓடியது. வித்தை அங்கேதான் இருக்கிறதென்று தரையில் குனிந்து என் பாதங்களையே பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ஏங்கா வரமாட்டேங்குது?"

"காலுக்கு ஒரு வாகு வேணும் மதி. சில பேருக்கு அமையாது."

ஆறுதலான குரலில்தான் சொன்னேன். அப்படியொரு குரல் எனக்குள் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது.

வார முடிவில் பூந்தமல்லியில் அப்துல் ரசாக் பாய் கடைக்குப் போனோம். என் மிஷினும் அவரிடம் வாங்கியதுதான்.

"புதுசா கத்துக்கிறியாம்மா? கால் மிஷின் எடு. நூலு போட்டுத்தான் கீது, உக்காந்து ஒரு தபா மிதிச்சிப் பாரு."

"வேணா பாய், எனக்கு எருமக் காலு" என்று சிரித்தபடி, கண்ணாடி அலமாரியில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மிஷினைக் காட்டினாள். ஒரு கையால் தூக்கிவிடலாம். பட்டனை அமுக்கினால் ஓடும்.

"அது தலகாணி உறைக்கு ஆவும். தோள்பட்டைல நாலு மடிப்பு வந்தா நின்னுபூடும். வித்துட்டா திருப்பி எடுக்கமாட்டேன், இப்பவே சொல்ட்டேன்." பாய் என் பக்கம் திரும்பினார். "இன்னா நாகவல்லி, கம்முனு நிக்கிறே? நீ சொல்லு."

மதிவதனியும் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கால் மிஷின் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். பாய் சக்கரத்தைத் தொட்டுக் காட்டியிருப்பார். அவ்வளவுதான்.

"அவ காலுக்கு எது தோதோ அத்த குடு பாய்" என்றேன்.

பதினோராம் நாள் அது நின்றது. லைனிங் வைத்த தோள்பட்டைக்குள் ஊசி உடைந்து மாட்டிக்கொண்டது. வெற்றிச்செல்வன் கத்தவில்லை. மிஷினைப் பரணில் ஏற்றிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படி சொன்னான்: "அண்ணி ஊட்ல ஹூக்கு நெறைய கீதாம். போ."

வந்தாள். காதுத் துளைகளில் விளக்குமாற்றுக் குச்சி செருகியிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு கத்தரிக்கோலையும் கொடுத்தேன். "மிதிக்க வரலன்னா இன்னா, உனக்கு வெட்டற கை கீது. முதுகெல்லாம் இனிமே நீ வெட்டு."

இப்போதெல்லாம் என் பானைக் கழுத்துக்காகக் குமணன்சாவடியிலிருந்துகூடப் பெண்கள் வருகிறார்கள். யார் வெட்டியது என்று எவரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

வெட்டுவதற்கு அவள் மேசையருகே நிற்க வேண்டும். தரையிலிருந்து பார்த்தால் என் பாதங்கள்தான் தெரியும், மேசையிலிருந்து பார்த்தால் கை தெரியும். இதை நான் யோசிக்கவில்லை.

"அக்கா" என்றாள் நேற்று. "ஒவ்வொரு தபாவும் சக்கரத்தக் கையால சுத்திட்டுத்தான் மிதிக்கிறே. அது எதுக்கு?"

என் கை சக்கரத்தின் மேல் இருந்தது.

"பழக்கம்" என்றேன்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. ஜாக்கெட்டின் ஒரு கை முழுவதையும் தைத்து முடித்தேன். அதன் பிறகு, மெதுவாக, வெட்டத் தொடங்கினாள்.